திரைக்களத்திற் பந்தாடல்

பந்தாடல் தமிழ்ப் புலவர்க்குப் புதுப்பொருள் அன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் அம்மானை வரிக்கும் ஊசல் வரிக்கும் இடையே கந்துகவரி அமைந்துள்ளது. பிற்காலத்திலே திரிகூடராசப்பக் கவிராயரும் தமது குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியைப் பந்தாட விட்டே கற்போர் நெஞ்சில் அவளை நிலைநிறுத்துகிறார். காலத்தால் நெடிது வேறுபட்ட இவ்விரு நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் ஒற்றுமை புலனாகும். இரு புலவர்தம் கண்ணும் பந்தைத் தொடர்ந்து செல்லவில்லை. பந்தடிப்பவளையே தொடர்ந்து செல்கிறது. வளையின் ஒலியும் இடையின் துவட்சியும் அடியின் பெயர்ச்சியுமே அங்குப் பாடுபொருள்கள். பந்து எங்கே வீழ்ந்தது, எண்ணிக்கை யாது என்னும் வினாக்கள் எழுவதில்லை. உடலின் இயக்கத்துக்குப் பந்து ஒரு காரணம், அவ்வளவே.

தொலைக்காட்சித் திரையில் விசையால் ஆடப்படும் டென்னிஸ் ஆட்டமோ இதற்கு நேர் மறுதலையாகப் பிறந்தது. அங்கே முதலில் தோன்றியது பந்து. அதனை அடிப்பவன் நெடுங்காலம் ஒரு கோடாகவே நின்றான். பின்னர்க் கால் பெற்றான், கை பெற்றான், முகமும் பெயரும் பெற்றான். அறுபது ஆண்டுகட்கும் மேலாக நிகழ்ந்துவரும் இவ்வளர்ச்சியை ஓவியத் திறத்தின் வளர்ச்சியாகவே பலரும் எடுத்துரைப்பர். அஃது ஒரு சார் உண்மையே. பெட்டியின் முன் அமர்ந்திருப்பவனின் உடலில் எந்தப் பகுதியை அவ்வாட்டம் ஏற்றுக்கொள்கிறது, எந்தப் பகுதியைத் தள்ளிவிடுகிறது என்பதே ஆராய வேண்டிய வினா. ஒரு திரை டென்னிஸின் தரம் அந்த ஒன்றிலே தங்கியுள்ளது.

சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கைத் திறனாய்வுக்கு எடுத்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். கந்துகவரியும் மகளிர் விளையாட்டுப் பாடலே. அதனை உரையாசிரியர் எவரும் விலக்கியதில்லை. அன்றியும், கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் வீதியிலுள்ள புளத்கொகுபிட்டிய போன்ற ஊர்களைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் டென்னிஸ் என்னும் ஆட்டத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அவ்வரலாற்றை மனத்திற் கொள்ளாது இப்பெட்டியின் ஆட்டத்தை மதிப்பிட்டால் மதிப்பீடு குறையுடையதாகும்.

டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. இருவர் இருவராய் ஆடுங்கால் அகலம் 36 அடி. நாற்புறமும் ஓடுவதற்கு விடவேண்டிய இடத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 120 அடி நீளமும் 60 அடி அகலமுமுள்ள சமநிலம் வேண்டும். மலைச்சரிவிலே இத்தகைய சமநிலம் இயல்பாகக் கிடைப்பதில்லை. மண்ணை வெட்டி ஒருபுறம் தள்ளியே அதனை ஆக்குதல் வேண்டும். ஆங்கிலத் துரைமாரின் பங்களாக்களை அடுத்தும் அவர்தம் கிளப்புகளிலும் அமைந்த களங்கள் இவ்வாறு எழுந்தனவே. நிலத்தை வெட்டிச் சமன்செய்தவை தொழிலாளியின் கைகள். களம் முடிந்தபின் அவன் மகன் அதனுள் நுழைந்தது பந்து பொறுக்குவதற்கே. ஆட்டத்தின் ஒரு பாதியாகிய ஓட்டம் அவனுக்குரியது. மறு பாதியாகிய அடி துரைக்குரியது. கிரிக்கெற்றோ இங்ஙனம் அடைபட்டுக் கிடக்கவில்லை. தென்னமட்டை ஒன்றும், ஒட்டுப்பால் இழைகளைச் சுற்றிச் செய்த பந்தொன்றும், பிரட்டுக்களமும் இருந்தால் போதும். வலையும் வேலியும் நரம்பு கட்டிய மட்டையும் வேண்டிநின்ற டென்னிஸ் அவ்வாறு லயத்துக்கு இறங்கி வரவில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் பலர் கப்பலேறினர். அதன்பின்னும் களங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட்டன என்று கூறுவதற்கில்லை. புல் மண்டிப் போனவையே பல.

அவ்வாட்டம் பின்னர் வேறொரு வாயிலால் உள்ளே வந்தது. அவ்வாயிலின் தோற்றத்தை அறிய அமெரிக்காவின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்துக்குச் செல்லல் வேண்டும். 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள் அங்கே பார்வையாளரை மகிழ்விக்கும் பொருட்டு வில்லியம் ஹிகின்பொதம் என்னும் இயற்பியலறிஞர் அலைகாட்டிக் கருவியின் சிறு வட்டத் திரையிலே ஓர் ஆட்டத்தைக் காட்டினார். அடியில் ஒரு கோடு தரை. நடுவில் ஒரு சிறு கோடு வலை. அவற்றின் மேலே வளைந்து பறக்கும் ஓர் ஒளிப்புள்ளி பந்து. மட்டையும் இல்லை; அதனைப் பிடிப்பவனும் இல்லை. ஒரு குமிழால் அடியின் கோணத்தை வைத்து, ஒரு பொத்தானால் அடித்தலே ஆட்டம். பந்து புவியீர்ப்புக்கு இணங்க வளைந்து வீழ்ந்தமை அக்கால அறிவியலின் அழகு. ஆயின் ஆடுவோனுக்குக் கால் இல்லை. அவன் எங்கும் நிற்கவில்லையாதலால் எங்கும் ஓடவேண்டியதும் இல்லை.

1972இல் இல்லங்களுக்கென விற்பனைக்கு வந்த மக்னவொக்ஸ் ஒடிசி என்னும் பெட்டி இதனைத் தலைகீழாக்கிற்று. றால்ஃப் பேயர் என்பார் வகுத்த அப்பெட்டியில் ஆடுவோர் இருவரும் இரண்டு ஒளிச்சதுரங்கள், பந்து மூன்றாவது. தொலைக்காட்சியின் கண்ணாடிமேல் ஒட்டும் நெகிழித்தாள் ஒன்றே டென்னிஸ் களமாயிற்று. எண்ணிக்கையைப் பெட்டி வைத்திருக்கவில்லை. ஆடுவோரே வைத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாண்டின் இறுதியில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பொங் ஆட்டமும் இவ்வினத்ததே. அட்டாரியின் நோலன் புஷ்னெல் ஒடிசியின் டென்னிஸை முன்னரே கண்டிருந்தார் என்பது பற்றி வழக்கெழுந்து 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. இவ்விரு ஆட்டங்களிலும் அடிக்கும் செயல் இல்லை. பந்து வரும் வழியில் கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது தானே திரும்பும். பொங் ஆட்டத்திலே கோட்டின் எப்பகுதியிற் பட்டது என்பதைக்கொண்டே திரும்பும் கோணம் அமையும். அஃதாவது, நிற்கும் இடமே அடி. ஹிகின்பொதம் காலைத் தள்ளிக் கையை வைத்தார். இவர்கள் கையைத் தள்ளிக் காலை வைத்தனர்.

தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாய் வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துக்கு உரிய மாவும் மரமும் பறையும் பிறவும் கரு. மாந்தர்தம் ஒழுக்கம் உரி. பாட்டினுள் பயின்றுவருமிடத்து இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பதும் அவர் கருத்தே. இப்பகுப்பைத் திரை டென்னிஸுக்குப் பொருத்திப் பார்த்தல் வலிந்து கொள்வதாகாது. களமும் பொழுதும் அதன் முதல். மட்டை, பந்து, வலை, நடுவர் என்பன கரு. உரியாவது யாது? பந்து வரும் இடத்தை முன்னறிந்து, அதற்கு முன்னரே அங்குச் சென்று, எங்கே அடிப்பது எனத் துணிதலே உரி. காலும் கண்ணும் கையும் அந்த ஒரு நொடியிலே கூடுகின்றன. கருப்பொருள் மலிந்து உரிப்பொருள் மெலிந்த பாட்டு எத்தகையதோ அத்தகையதே, வியர்வைத் துளியையும் வரைந்துகாட்டி இக்கூட்டத்தைத் தரத் தவறிய ஆட்டமும்.

இந்நோக்கிலே, நின்ரெண்டோ நிறுவனம் 1984ஆம் ஆண்டு சனவரியில் தனது ஃபமிகொம் பெட்டிக்கு வெளியிட்ட டென்னிஸ் விரிவாக நோக்கத்தக்கது. இலங்கையில் மிகுதியாகப் பழகியதும் அதுவே. யப்பானின் மூலப்பெட்டி தோட்டப்புறத்துக்கு வந்ததில்லை. அதனைப் பார்த்துச் செய்த போலிப் பெட்டிகளே கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிற் சிறுநகரக் கடைகளுக்கு வந்து, 'டி.வி. கேம்' என்னும் பெயரால் வழங்கின. அவற்றுடன் வந்த 'கசெட்' ஒவ்வொன்றின் மேலும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளனவெனப் பொறித்திருப்பர். திறந்து பார்த்தால் ஒரு சில ஆட்டங்களே பெயர் மாறி மாறித் திரும்பத் திரும்ப வரும். வணிகரின் அப்புளுகுக்குள்ளே அகப்பட்டுக் கிடந்த மெய்களில் ஒன்று இந்த டென்னிஸ்.

அதன் ஓவியம் மிக எளியது. களம் பார்ப்பவன் பக்கம் அகன்று அப்பால் ஒடுங்கிச் செல்லும். நடுவரின் உயர்ந்த இருக்கையிலே மீசை வைத்த மரியோ அமர்ந்திருப்பான். பிறிதோர் ஆட்டத்தின் தலைவன் இங்கே ஊழியம் பார்க்கிறான். விசைகளோ மூன்றே. திசைவிசை கால்; ஒரு பொத்தான் நேரடி; மற்றது எதிரியின் தலைக்குமேல் உயர்த்தி அனுப்பும் அடி. பொத்தானைப் பிந்தியோ முந்தியோ அழுத்தினால் மட்டை வெறுங்காற்றை வீசும். அந்த வீச்சிலே தோன்றும் நாணம் பொங் ஆட்டத்தில் இல்லாதது. இடத்திற்குச் சரியாக ஓடி வந்தும் கை தவறிற்று என்பது டென்னிஸுக்கே உரிய துயரம். காலும் கையும் வெவ்வேறாய்ப் பிரிந்து, பின்னர் ஒருவனுடைய இரு பெருவிரல்களிலே கூடின என்பதே இவ்வாட்டத்தின் பெருமை. துரையின் களத்தில் ஓட்டம் ஒருவனுக்கும் அடி ஒருவனுக்குமாய் இருந்தமை முன்னர்க் கூறப்பட்டது. லயத்து அறையின் சிறு தொலைக்காட்சியில் அவையிரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்தன. பதினைந்து, முப்பது, நாற்பது என ஒழுங்கின்றி ஏறும் அவ்விசித்திரமான எண்ணிக்கையையும், சமநிலையின் பின் இரு புள்ளி தொடர்ந்து பெறவேண்டும் என்னும் விதியையும் எந்த ஆசிரியனும் கற்பியாமலே அப்பிள்ளை கற்றது. ஒரு களத்தையும் மிதித்தறியாத ஒருவன் அவ்விதிகளைப் பிழையறச் சொல்லுதல் சிறிய காரியம் அன்று.

குறை இல்லாமல் இல்லை. இருவர் ஆடுமிடத்து அவ்விருவரும் ஒரே பக்கத்திலே நிற்கவேண்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்பன பொறியின் பதுமைகளே. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுதற்கு அதில் வழியில்லை. கூடி ஆடப் பழக்கும் நற்பண்பு இஃது எனப் போற்றுவாரும் உளர். அது பொருந்தாது. டென்னிஸ் என்பது வலைக்கு அப்பால் நிற்கும் ஒரு மனத்தைப் படிக்கும் ஆட்டம். பொறிக்கு மனம் இல்லை. ஐந்து படிகளாய் ஏறும் வேகமே உண்டு. ஐந்தாம் படியில் தோற்பவன் ஒரு மதிநுட்பத்திடம் தோற்கவில்லை, வேகத்திடமே தோற்கிறான்.

இக்குறையை நீக்கிய ஆட்டம் சேகா நிறுவனத்தின் வேர்ச்சுவா டென்னிஸ். 1999இல் காசிட்டு ஆடும் கூடங்களுக்கு வந்த அது, 2000ஆம் ஆண்டு ட்றீம்காஸ்ற் என்னும் இல்லப்பெட்டிக்கு வந்தது. ரிம் ஹென்மன், ஜிம் கூரியர், யெவ்கெனி காஃபெல்னிக்கொவ் முதலிய மெய் வீரர்களின் பெயரும் உருவும் அதில் உண்டு. அக்காலத்து விளம்பரங்கள் அவ்வுருவங்களையே பேசின. இன்று அவ்வுருவங்கள் பொம்மைகள் போலத் தோன்றுகின்றன, ஆட்டமோ பழையதாகவில்லை. காரணம் அதன் உரிப்பொருளிலே உள்ளது. பந்து வரும் இடத்துக்கு முன்னரே சென்று பொத்தானை அழுத்தினால் வீரன் மட்டையைப் பின்னே இழுத்து ஆயத்தமாகிறான். எவ்வளவு முன்னதாக ஆயத்தமாகிறானோ அவ்வளவுக்கு அடி வலிதாகவும் கூரிய கோணத்திலும் செல்லும். பிந்தி வந்தவன் பாய்ந்து விழுந்து தட்டிவிடலாம். அது பிழைப்பதற்கன்றி வெல்வதற்கு உதவாது. இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஓடும்வரை காலாக இருந்த அதே திசைவிசை, பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து அடியின் திசையைக் காட்டும் கண்ணாக மாறுகிறது. ஆகவே கால் நின்றாலன்றிக் கண் திறவாது. ஓடிக்கொண்டே குறிபார்க்க இயலாது என்பது களத்தில் ஆடியோர் பல்லாண்டு பயின்று அறியும் உண்மை. இதனை ஒரு விசையின் அமைப்பிலே அடக்கிவிட்டமை ஒரு நல்ல செய்யுளின் யாப்பை ஒத்த செயல் எனின் மிகையாகாது.

அப்பெட்டியில் நால்வர் வரை ஒருங்கே ஆடலாம், எதிரெதிரும் நிற்கலாம். எனினும் ஒன்று சொல்லாமல் விடுதற்கில்லை. வேர்ச்சுவா டென்னிஸில் பந்து கோட்டுக்கு வெளியே வீழ்வது அரிது. மெய்க் களத்திலோ புள்ளிகளில் மிகப் பல பிழையாலே முடிவன. கைமீறிப் போகும் பந்தும் வலையில் முட்டும் பந்தும் இல்லாத டென்னிஸ், ஊடல் இல்லாத மருதத் திணை போன்றது. விறுவிறுப்பை விரும்பிய ஆக்கியோர் பிழையை அகற்றினர். அகற்றவே அச்சமும் அகன்றது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் நின்ரெண்டோ தனது வீ என்னும் பெட்டியோடு வெளியிட்ட வீ ஸ்போர்ட்ஸ் உலகெங்கும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் பரவிற்று. பல நாடுகளிலே அது பெட்டியோடு இணைத்தே வழங்கப்பட்டது என்பதையும் அவ்வெண்ணோடு சேர்த்து நினைத்தல் வேண்டும். அதிலுள்ள டென்னிஸே இத்துறையில் மிகுந்த புகழ் பெற்றது. பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. கையிற் பிடித்த கருவியை மட்டையென எண்ணி வீசினால் திரையிலுள்ள உருவமும் வீசும். முதியோர் இல்லங்களிலும் நோயாளர் பயிற்சிகளிலும்கூட அது புகுந்தது. விளையாட்டுப் பெட்டியைத் தொட்டறியாத பாட்டன்மாரும் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளோடு நின்று ஆடினர். உணர்ச்சி மிகுதியால் கருவி கைநழுவித் தொலைக்காட்சியிற் பாய்ந்த கதைகளும் உண்டு. அந்நிறுவனமே 2006 டிசம்பரில் மணிக்கட்டுக் கயிற்றை வலிதாக்கி மாற்றித் தர முன்வந்தது. இவையெல்லாம் அதற்குரிய புகழே.

ஆயின் டென்னிஸ் முழுமையாக மெய்ப்பட்டது இதிலேயே என்னும் கூற்றை ஏற்றல் அரிது. கை மெய்யாயிற்று, கால் அடியோடு மறைந்தது. ஆடுவோன் திரையின் முன் நின்ற இடத்திலே நிற்க, திரையிலுள்ள உருவம் தானே ஓடிப் பந்தின் பக்கம் சேர்கிறது. எங்கே நிற்பது என்னும் துணிவு அவனிடமிருந்து பறிக்கப்பட்டுப் பொறியிடம் கொடுக்கப்பட்டது. ஒருவனே ஆடுங்கால் அவன் பக்கத்து இரு உருவங்களும் அவனுடைய ஒரே வீச்சுக்கு ஒருங்கே ஆடும். ஒரு கைக்கு இரண்டு உடல், இரண்டுக்கும் கால் அவனுடையதன்று. வீச்சின் நேரத்தால் பந்தின் திசை மாறும் என்பது மெய்யே. அந்நுட்பத்தைக் கற்றோர் திறம்பட ஆடுவர். எனினும் பந்தை நோக்கி ஓடாதவன் பந்தை எதிர்பார்ப்பதில்லை. அது வரும்வரை காத்திருக்கிறான். பிறர் ஓடித் தேடிக் கொடுத்த பந்தை நின்ற இடத்தில் அடித்த துரையின் நிலை இது. மணிக்கட்டின் அசைவைக்கொண்டு இதனை மெய்மை என்று போற்றுவோர், கருப்பொருளை உரிப்பொருளென மயங்கினர். நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட போலிக் கசெட்டின் டென்னிஸ் கைக்கு அளித்தது ஒரு பொத்தான் மட்டுமே. ஆயினும் டென்னிஸுக்கு அதுவே அணித்து.

காலையும் கையையும் பிழையையும் ஒருங்கே கொண்டுவர முயன்றது டொப் ஸ்பின் வரிசை. 2003இல் எக்ஸ்பொக்ஸ் பெட்டிக்குப் பாரிசிலுள்ள பாம் நிறுவனம் ஆக்கிய முதலாவது ஆட்டத்தில் தொடங்கி, 2011இல் நான்காவது வெளிவந்தபின் நெடிது உறங்கி, 2024 ஏப்பிரலில் 'டொப் ஸ்பின் 2கே25' என்னும் பெயரால் அது மீண்டது. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது, எக்கணத்தில் விடுவது என்பவற்றில் அடியின் வலிமையும் செம்மையும் தங்கியுள்ளன. நேரம் தவறின் பந்து வெளியே போகும். நெடிது ஓடியவன் களைப்பான். பிழையும் அச்சமும் திரைக்குத் திரும்பின. பயில்வோர்க்கு விதிகளைக் கற்பிக்கும் குரலாக ஜோன் மக்கென்றோவை அமர்த்தியமை ஒரு நகைச்சுவை. நடுவர்களோடு மல்லிட்டுப் பெயர்பெற்ற அவர் இங்கே நல்லாசிரியர்.

இவ்வரிசையின் குறை வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொரு வீரனும் எண்களின் தொகுதியாகிறான்: முன்கை அடிக்கு இவ்வளவு, பின்கை அடிக்கு இவ்வளவு, வலிமைக்கு இவ்வளவு, வேகத்துக்கு இவ்வளவு. வலிமையால் ஆடுவோர் இவ்வெண்களுள் நன்கு அடங்குவர். தமிழ்நாட்டு இராமநாதன் கிருஷ்ணனை இவ்வெண்களுள் எங்ஙனம் அடக்குவது? 1954இல் விம்பிள்டனின் இளைஞர் பட்டம் பெற்று, 1960இலும் 1961இலும் அங்கே அரையிறுதி வரை சென்ற அவருக்கு எதிரியைத் திகைக்கவைக்கும் தொடக்க அடி வாய்த்ததில்லை. பெருவலியும் வாய்த்ததில்லை. 1961இல் காலிறுதியில் றோய் எமர்சனை ஒரு தொகுதியும் இழவாது வென்றவர் அவரே. பந்து தரையைத் தொட்டெழும் அக்கணத்திலே, எதிரியின் வேகத்தையே கடன்பெற்று, மென்மையாய்த் திருப்பிவிடும் தொடுகை அவரது செல்வம். எதிரி வேண்டாத இடத்துக்கு ஓடினபின் பந்தை மெல்ல மறுபக்கம் வைப்பார். வலிமை என்னும் நிரலிற் சிற்றெண்ணும், தொடுகை என்னும் நிரலே இல்லாமையும் சேர்ந்தால், திரையில் தோன்றும் கிருஷ்ணன் முதற் சுற்றிலே தோற்பார். இது கிருஷ்ணனின் குறை அன்று, அளவுகோலின் குறை. வேர்ச்சுவா டென்னிஸில் எண்கள் திரைமேல் பரந்து கிடப்பதில்லையாதலால், முன்சென்று நிற்கும் ஒருவன் பெருவலி இன்றியும் வெல்லுதல் இயலும். கிருஷ்ணனின் ஆட்டத்தை ஓரளவேனும் ஆடிப்பார்க்க விரும்புவோர்க்கு அவர் பெயர் இல்லாத அப்பழைய ஆட்டமே துணை.

ஈண்டு ஒரு விந்தையும் நோக்கத்தக்கது. திரை டென்னிஸ் மெய் டென்னிஸைப் பின்பற்ற முயன்றது போலவே மெய் டென்னிஸும் திரையைப் பின்பற்றத் தொடங்கிவிட்டது. பந்து கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதில் பெட்டியின் ஆட்டத்தில் ஒருபோதும் ஐயம் எழுந்ததில்லை. பொறி அறியும், மரியோ அறிவிப்பான். களத்திலோ கோட்டருகே நின்ற மாந்தர் கண்ணால் கண்டு கூறினர், தவறினர், வீரர் சினந்தனர். 2006ஆம் ஆண்டு முதல் பெரும் போட்டிகளிலே ஹோக்-ஐ என்னும் ஒளிப்படக் கருவியிடம் முறையிடும் உரிமை வந்தது. 2025இல் விம்பிள்டன் தனது கோட்டு நடுவர்களை முற்றாக நீக்கிப் பொறியின் குரலையே அமர்த்திற்று. உயர்ந்த இருக்கையில் நடுவர் ஒருவர் எஞ்சியுள்ளார். 1984ஆம் ஆண்டின் மரியோவும் அவ்வாறே தனித்திருந்தான்.

டொப் ஸ்பின் 2கே25இல் ஆடுவோன் தனக்கென ஒரு வீரனைப் படைத்து, பயிற்றி, சிறு போட்டிகளிலிருந்து பெரும் போட்டிகளுக்கு உயர்த்தும் பகுதியே அவ்வாட்டத்தின் உயிர். அப்பகுதி இணையத் தொடர்பின்றி இயங்காத வகையில் வெளிவந்தது. விலை கொடுத்து வாங்கியவனாயினும், தொடர்பு அறுந்தவிடத்துத் தான் வளர்த்த வீரனை அவனால் களமிறக்க இயலாது. பெயர்பெற்ற பிறரை வைத்து ஆடும் காட்சி ஆட்டமே அவனுக்கு எஞ்சும். நகரத்து விமரிசகர்களும் இதனைக் குறை கூறினர். அவர்களுக்கு அது சிறு தொல்லை. அலைத்தொடர்பு ஒரு மலைமுகட்டில் வந்து மறு சரிவில் மறையும் தோட்டப்புறத்திலே அது வேலியை ஒத்தது. அங்கே பழைய டி.வி. கேம் பெட்டியை இன்னும் எறியாது வைத்திருக்கும் வீட்டில், விளிம்பு தேய்ந்த கசெட்டைச் செருகி இரண்டாவது ஜோய்ஸ்டிக்கை ஒருவன் எடுத்தால், நடுவர் இருக்கையிலே மரியோ முன்போலவே அமர்ந்திருப்பான்.